பெரியவளுக்கு அறுபது

எங்கள் பேருந்து டிப்போவில் ஒரு விதி உண்டு. ஓட்டுநருக்கு அறுபது வயது முடிகிற அன்று ஒரு கேக்கை வெட்டி, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண் தெரிகிறதா, கை நடுங்குகிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அறுபது என்றால் அறுபதுதான். அந்த விதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் போன மாதம் அறுபது முடிந்தது எனக்கு இல்லை, என் அக்காவுக்கு. அவள் செத்து ஐம்பத்தேழு வருடம் ஆகிவிட்டது.

பயப்பட வேண்டாம், இது பேய்க்கதை இல்லை. வெறும் காகிதக் கதை. பேயாவது விரட்டினால் போய்விடும், காகிதம் போகாது.

அப்பா வெல்டர். பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வர விண்ணப்பம் போட்டபோது வீட்டில் மூன்று பேர்: அப்பா, அம்மா, கைக்குழந்தையாக அக்கா. எட்டு மாதக் குழந்தையின் புகைப்படத்தை ஒட்டி, மூன்று பேர் பெயரையும் எழுதி ஏஜெண்டிடம் கொடுத்தார்கள். ஃபைல் ஆமை வேகத்தில் நகர்ந்தது. அது நகர்ந்துகொண்டிருக்கும்போதே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டே நாள். அப்போது நான் அம்மா வயிற்றில் ஆறு மாதம்.

எனக்கு மூன்றரை வயது ஆனபோது ஃபைல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. அப்பா ஏஜெண்டிடம் ஓடிப்போய், பெரியது இல்லை, இருப்பது சின்னது, மாற்றி எழுத வேண்டும் என்றாராம். ஏஜெண்ட் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்ன பதிலை அப்பா சாகும்வரை நடித்துக் காட்டுவார்.

"மாத்தினா ஃபைல் மறுபடி அடியில போயிடும் சார். இன்னும் அஞ்சு வருஷம் காத்திருப்பீங்களா? ஃபைல்ல ஒரு பொண்ணு இருக்கு. வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கு. அப்புறம் உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

அக்காவின் இறப்பை யாரும் பதிந்திருக்கவில்லை. என் பிறப்பையும் பதிந்திருக்கவில்லை. வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் அதையெல்லாம் பார்த்தார்கள்? ஆக, அக்காவின் பெயரையும் பிறந்த தேதியையும் மாட்டிக்கொண்டு நான் விமானம் ஏறினேன். இறங்கிய இடத்தில் கவுண்டரில் இருந்த அதிகாரி, அப்பா தோளில் தூங்கிய என்னையும் எட்டு மாதக் குழந்தையின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு வயதுப் பிள்ளை ஏன் இத்துனூண்டு இருக்கிறது என்று கேட்டாராம். பக்கத்துக் கவுண்டர்க்காரர், "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முத்திரை குத்த வைத்தார். வெள்ளந்தியான அந்த அலட்சியத்துக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

மறுவாரமே பள்ளிக்கூடம். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் மூன்றரை வயதில் உட்கார்ந்தேன். கால் தரையில் படாது. மதியம் ஆனால் தூங்கி விழுவேன். டீச்சர் அப்பாவையும் அம்மாவையும் வரச்சொல்லி, பிள்ளைக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை, விரல் சூப்புகிறாள், மூக்குச் சிந்தத் தெரியவில்லை என்று பட்டியல் படித்தார். உண்மையைச் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அப்பா தவித்து, "எங்க வம்சமே கொஞ்சம் லேட்டுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஏழு தலைமுறையும் அன்று அந்தப் பள்ளிப் பதிவேட்டில் மந்தமாகிப்போனது. எனக்கு மூன்று வருடம் தனி வகுப்பு நடந்தது. சத்து டானிக்கைப் பாட்டில் பாட்டிலாகப் புகட்டினார்கள். குறையில்லாத பிள்ளைக்கு அவ்வளவு டானிக் ஊற்றினால் என்ன ஆகும்? பதினைந்து வயதில் பார்க்கப் பதினெட்டு மாதிரி இருந்தேன். காகிதத்திலும் பதினெட்டுதான். போய் டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிட்டேன்.

இதெல்லாம் அரசாங்கத்தோடு நடந்த கூத்து. வீட்டுக்குள் நடந்தது வேறு.

அம்மா ஒருநாளும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது பெரியவளின் பெயர். எனக்கு வீட்டில் 'சின்னது' என்று பெயர். ஒற்றைப் பிள்ளையை ஏன் சின்னது என்கிறார்கள், பெரியது எங்கே என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். வெளியில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டால் அம்மா என்னைப் பார்க்க மாட்டாள், எனக்குப் பின்னால் பார்ப்பாள். சின்ன வயதில் நானும் கூடவே திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் வந்தால் அது பெரியவளுக்கு. திட்டு வந்தால் அது எனக்கு. ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து மூச்சு வாங்க நான் அட்டையை நீட்டினால், அம்மா அதிலிருக்கும் பெயரை விரலால் தடவிப் பார்த்து, "எப்படி ஓடியிருக்கா பாரு" என்பாள். கணக்கில் ஃபெயிலானால் அதே பெயர் இருக்கிற அதே பள்ளி அட்டைதான், ஆனால் பெயரை மடித்துவிட்டு, "சின்னது, இங்க வா, என்ன லட்சணம் இது?" என்பாள். இப்படியே லைசென்ஸ், கல்யாணப் பதிவு, டிப்போவில் சேர்ந்த கடிதம் எல்லாம் பெரியவள் கணக்கில் ஏறின. ஒரு குறையில்லாமல் வளர்ந்து, பாஸாகி, வேலைக்குப் போய், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரு பெண்ணையும் பெற்ற மகள் அம்மாவுக்கு இருந்தாள். அவளுக்கு வேண்டிய எல்லா வேலையையும் செய்துகொடுக்க ஓர் ஆளும் வீட்டில் இருந்தது.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காய்கறிக் கடையில் தராசு முள் ஒரு நூல் அசைந்தால் கண்டுபிடிக்கிறவள். பெரியவள் செத்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருக்கிறதே, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்பதுதான் அவள் கட்சி.

கல்யாணமான மறுவாரம் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தை உடைத்தேன். அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், எதையும் திறந்து பார்க்காமல் பேச மாட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் கட்டினது யாரை?" என்றார். பேப்பரில் அக்காவை, வீட்டில் என்னை என்றேன். "சமையல் யாரு?" என்றார். "ரெண்டு பேருக்கும் வராது" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் மகள் இன்னும் ஒருபடி மேலே. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் இருப்பது அக்கா பெயர். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம், "சித்தி, டென்ஷன் ஆகாதீங்க" என்பாள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. வருடா வருடம் பெரியவளின் பிறந்தநாளுக்கு வீட்டில் இனிப்பு செய்வார்கள். புதுத்துணி வரும். அதை நான் போட்டுக்கொள்வேன். என் பிறந்தநாள் எது என்று கேட்டால், "அதான் உனக்கும் சேத்து இன்னைக்கே பண்ணியாச்சே" என்பாள் அம்மா. அப்பாவைக் கேட்டால், "மழைக்காலம்மா, அம்மாவுக்குத் தெரியும்" என்பார். அம்மா சொல்ல மாட்டாள். என் தேதியை அவள் வாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறாள், என்றைக்காவது சொல்வாள் என்று ஐம்பத்தேழு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

டிப்போவிலிருந்து ஓய்வுக் கடிதம் வந்தபோது அதனால்தான் எனக்குச் சுரீர் என்றது. முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டியிருக்கிறேன். விடியும் முன்னால் குளிர்ந்த ஸ்டியரிங்கைத் தொட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற அந்த முதல் டிரிப் எனக்கு உயிர். வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் என் கண்ணையும் முட்டியையும் பார்த்து, "இந்த வயசுல இப்படி ஓர் உடம்பா!" என்று அசந்துபோவார். பள்ளிக்கூடத்தில் வயதுக்குப் பத்தாதவளாக இருந்தேன், இப்போது வயதை மீறிய அதிசயமாக இருக்கிறேன். சரியான வயதில் ஒருநாளும் இருந்ததில்லை. இன்னும் இரண்டரை வருடம் என்னால் ஓட்ட முடியும். அந்த இரண்டரை வருடம் என்னுடையது. அதை அக்காவுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

நம் ஆள் ஒருவர் வக்கீலாக இருந்தார். அவரிடம் போனேன். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மேல குத்தம் ஒண்ணும் வராது. மூணரை வயசுக் குழந்தை என்ன செய்யும்? அப்பாவும் இல்ல. அம்மாவுக்கு எண்பத்து மூணு, அவங்கள யாரும் உள்ள தூக்கிப் போட மாட்டாங்க. தேதியைத் திருத்திக் கொடுத்துடுவாங்க. ஆனா அம்மா வந்து சொல்லணும். பெரியவங்க என்னைக்கு இறந்தாங்க, நீங்க என்னைக்குப் பொறந்தீங்க, ரெண்டும் சொல்லிக் கையெழுத்துப் போடணும். வேற சாட்சி யாரும் இல்லையே."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்போது சொந்தக்காரி ஒருத்தியோடு போனில், பெரியவளுக்கு அறுபது வரப்போகிறது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"அறுபது வருஷமா நல்லா இருக்கா. ஒரு தலைவலின்னு படுத்ததில்ல. இப்ப அவளைச் சாகச் சொல்றியா?"

"அம்மா, தலைவலி வந்தா நான்தான் மாத்திரை போட்டேன்."

"உனக்கு எப்பவும் அவமேல பொறாமை" என்றாள்.

செத்தவளைப் பார்த்து உயிரோடு இருக்கிறவள் பொறாமைப்படலாமா? படலாம். பட்டிருக்கிறேன்.

கையெழுத்து வேண்டாம், சும்மா பேசத்தான் என்று ஆசைகாட்டி, என் மகளும் நானுமாக அவளை வக்கீலிடம் கூட்டிப்போனோம். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வக்கீல் மரியாதையாக ஆரம்பித்தார்.

"பெரிய பொண்ணு என்னைக்குப் பொறந்தாங்கம்மா?"

தேதி சொன்னாள். கிழமை சொன்னாள். விடியற்காலை நாலு பத்து என்றாள். தலைநிறைய முடி, இடது காதில் ஒரு மச்சம், பிறந்ததும் அழாமல் சுற்றிப் பார்த்தது என்றாள். வக்கீல் எழுதி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சரிம்மா. சின்னவங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கையில் பேனாகூட எடுத்து வைத்திருந்தேன், எதற்கு என்று தெரியவில்லை, மறந்துபோகிற விஷயமா அது?

"மழை பெஞ்சுது" என்றாள் அம்மா.

"தேதிம்மா?"

"பெரியவ போயி மூணு மாசம் இருக்கும்."

"மூணு மாசம்னா, எந்த மாசம்?"

அம்மா புடவைத் தலைப்பை மடித்தாள், பிரித்தாள். "வயித்துப் பிள்ளைக்காரி அழக்கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அழல. சுவரைப் பாத்துப் படுத்திருந்தேன். எந்த நாள் வந்துச்சு, எந்த நாள் போச்சுன்னு எனக்குத் தெரியாது. இவ பொறந்ததும், 'அவதான் திரும்பி வந்துட்டாளா'ன்னு கேட்டேன். மச்சம் இல்லன்னாங்க. மறுபடியும் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன்."

வக்கீல் பேனாவை மூடினார். பூட்டி வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்தத் தேதி இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

காரில் ஏறியதும் எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. எண்பத்து மூன்று வயதுக்காரியிடம் பேசக்கூடாத பேச்சையெல்லாம் பேசினேன். "அவ செத்துட்டாம்மா! நான்தான் இங்க நிக்கிறேன்! உனக்குச் சோறு போடறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறது, நகம் வெட்டி விடறது எல்லாம் நான்! என்னை ஒரு நாளாவது பாத்திருக்கியா நீ?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்சீட்டிலிருந்து மகள், "அம்மா, சிக்னல்" என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் நான் தாண்டிய ஒரே சிவப்பு விளக்கு அதுதான்.

பதினெட்டு நாள் நானும் அம்மாவும் பேசவில்லை. வக்கீலுக்கு, விட்டுவிடுங்கள் என்று தகவல் சொன்னேன். அக்காவே ஓய்வு பெறட்டும், உழைத்துக் களைத்தவள்.

விடைகொடுப்பு விழா டிப்போ கேன்டீனில் நடந்தது. மேசைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். கேக்கின்மேல் சர்க்கரைப் பேருந்து ஒன்று, அதன் நெற்றியில் ரூட் நம்பருக்குப் பதிலாக 60. டிப்போ மேனேஜர் என் வேலைப் பதிவைப் பார்த்துப் படித்தார். ஒரு விபத்து இல்லை, ஒரு புகார் இல்லை என்றார். என் வயதில் இவ்வளவு சுறுசுறுப்பான ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் இருமினார். பிறகு மேனேஜர், குடும்பத்தில் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று கைகாட்டினார். வீட்டுக்காரர் கேன்டீன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறது என்று போய்விட்டார். மகள் எழுந்திருக்கும் முன்னால் அம்மா எழுந்துவிட்டாள்.

அம்மாவுக்கு இந்த ஊர் பாஷையில் நான்கு வார்த்தை தெரியும். நன்றி, வேண்டாம், எவ்வளவு, டாக்டர். அதில் எதையும் அவள் பயன்படுத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, அறுபது பேரைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ காய்ச்சல்ல போயிட்டா. ரெண்டு வயசு மூணு மாசம். வெள்ளிக்கிழமை, மத்தியானம்."

அந்தக் கிழமையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

"அவளுக்கு பஸ்ஸெல்லாம் ஓட்டத் தெரியாதுங்க. அப்பத்தான் விழாம நடக்கப் பழகியிருந்தா. செருப்பை மாத்தி மாத்திப் போடுவா. நீங்க இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் செஞ்சது சின்னது. பள்ளிக்கூடம் போனது, ஓட்டப் பந்தயத்துல ஓடினது, வேலைக்கு வந்தது, பிள்ளை பெத்தது எல்லாம் இவ. பெரியவ ஒண்ணுமே செய்யல. பாவம், அவளுக்கு நேரமே இல்ல."

மூச்சு வாங்கினாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்ல போட்டிருக்கற நம்பர் தப்பு. உங்கமேல குத்தமில்ல, நான்தான் தப்பா சொன்னேன். சரியான நம்பர் எனக்கும் தெரியல. தெரிஞ்சு வெச்சிருந்திருக்கணும். பெத்தவளுக்கு அது தெரிஞ்சிருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். எனக்குப் பின்னால் இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "நல்லா ஓட்டின, சின்னது."

உட்கார்ந்துவிட்டாள். கேன்டீன் முழுக்க ஆவலாக என் மகளைப் பார்த்தது. மகள் எழுந்து, தொண்டையைச் செருமி, அவர்கள் பாஷையில், பாட்டி எல்லாருக்கும் நன்றி சொல்கிறார், கேக் ரொம்ப நன்றாக இருந்ததாம் என்றாள். கேக்கை இன்னும் வெட்டவே இல்லை. யாரும் அதைக் கவனிக்காமல் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பக்கத்தில் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். வேலையை விட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்து ஆளாளுக்குத் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மேனேஜர் மட்டும் நல்ல மனுஷர். குனிந்து, என்ன ஆச்சு என்று கேட்டார்.

"எங்க அக்கா இறந்துட்டாங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு அக்கா இருந்தாங்களா? எப்ப இறந்தாங்க?"

"இப்பத்தான்."

அவர் பதறிப்போனார். நான் ஓய்வு பெற்றுவிட்டதையே மறந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மூணு நாள் லீவு எடுத்துக்கங்க. அதுக்கப்புறம் வேலைக்கு வந்தாப் போதும்" என்றார்.

சரி என்றேன்.